ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்த அம்மா

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தபோது டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். நடக்காமல் விட்டால் பிறகு படுக்கைதான். எங்கள் வீட்டில் பகலில் ஆள் கிடையாது. நான் பாறசாலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், அண்ணன் வளைகுடாவில் இருக்கிறார். அதனால் கால் தேறும்வரை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அம்மாவைச் சேர்த்தோம். அதை நடத்துகிற மேடமும் எங்களைப் போல மிஷன் சபைக் குடும்பம்தான். அதைக் கேட்டதுமே எங்களுக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ஆராதனை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, சபைக் கோயிலுக்கு உடுத்திய சேலையை மாற்றாமல் அப்படியே கிளம்பிவிடுவோம். இல்லத்தில் அன்று மத்தியானம் கல்யாண வீடுதான். தரையெல்லாம் பினாயில் மணக்கும். அம்மா முகத்தில் பவுடர் போட்டு, தலை சீவி, வராந்தாவில் நாலு எட்டு நடந்து காட்டுவாள். நாங்கள் கை தட்டாத குறைதான். வீடு திரும்பியதும் அண்ணனுக்குப் போன் போட்டு, அம்மா நன்றாக நடக்கிறாள் என்று சொல்வேன்.

ஒரு நாள் ஹர்த்தால் வந்தது. கடை அடைப்பு. சும்மா இருப்பானேன் என்று கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு, ரோட்டில் மறிப்பார்கள் என்று இடவழிகளில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன்.

அம்மா கட்டிலில் கிடந்தாள். இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி ஏற்றியிருந்தது. வாக்கர் ஜன்னலோரம் நின்றது; அதன் மேல் யாரோ தலை துவட்டிய துவர்த்து காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அம்மா பயந்துபோனாள்.

"இன்னைக்கு ஞாயிறா மக்கா?"

"இல்லம்மா. ஹர்த்தால். நீ ஏன் இன்னும் எழும்பல்ல?"

"ஞாயிறுதான் எழுப்பி விடுவாவ. மத்த நாளு இதக் கெட்டி விட்டா அவியளுக்கு ஜோலி கொறவாக்கும்." போர்வையை விலக்கி டயப்பரைக் காட்டினாள். "மூத்திரம் வருதுன்னு சொன்னா, அதிலயே போங்கம்மான்னு சொல்லுதாவ." பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரே மேடத்தின் அறைக்குப் போனேன்.

"ஹர்த்தால் இல்லியா, ஆளு வரல்ல" என்று ஆரம்பித்தார். தினமும் இப்படித்தானாமே என்றேன். அவர் குரல் மாறியது. "நடக்க விட்டு விழுந்தா ஆரு சமாதானம் சொல்லுயது? பாக்கணும்னா ஞாயிறு மத்தியானம் வாங்க. அதாக்கும் இங்கத்த சட்டம்."

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். படுத்துக் கிடக்கிறவர்கள் விழமாட்டார்கள் என்பது அவருக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வசதிக்கு என் அம்மாவின் கால்தான் கிடைத்ததா?

அண்ணன் போனில், "நீ சண்ட வழக்குக்கு நிக்காதே. வெளியே அனுப்பிற்றா அம்மைய எங்க கொண்டு போவே?" என்றார். நியாயமான கேள்வி. அதற்காக விட்டுவிடுவதாக இல்லை.

மேடத்தோடு சண்டை போட முடியாது, சரி. ஆனால் எங்கள் சபையில் யாராவது நோயில் கிடந்தால் பெண்கள் சங்கம் முறை வைத்துப் போய் ஜெபம் பண்ணும். வேண்டாம் என்று இதுவரை எந்த வீட்டுக்காரரும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் தலை காட்ட முடியாது. சங்கத்தில் பேசினேன். இல்லத்துக்கு வருகிற மற்ற வீட்டாரிடமும் பேசினேன். திருப்புறத்திலிருந்து வரும் அண்ணாச்சி ஒருவர் செவ்வாயும் புதனும் தன் வீட்டார் வருவதாகச் சொன்னார். கோட்டுகாலிலிருந்து வரும் அக்கா இந்து மதத்துக்காரர். "ஜெபம் நீங்க பண்ணுங்க. எனக்க மாமியார நடத்தணும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நான் வாறேன்" என்றார்.

பிறகு மேடத்திடம் போய், இனிமேல் தினமும் காலையில் ஜெபத்துக்கு வருகிறோம் என்றேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஜெபத்தைத் தடுத்தவர் என்று பெயர் வாங்க அவர் தயாராக இல்லை.

"செரி, ரூம்ல வச்சு பண்ணுங்க."

"இல்ல மேடம், ஹால்ல. எல்லாரும் கூடி வரணும்."

"கட்டில்ல கெடக்கியவியளா?"

"நடக்க முடிஞ்சவிய நடந்து வருவாவ. நாங்க பிடிச்சுக்கிடுவோம். விழுந்தா சமாதானமும் நாங்களே சொல்லுவோம்."

முதல் நாள் என் முறை. துவர்த்தை எடுத்து எறிந்துவிட்டு வாக்கரை அம்மாவின் முன்னால் வைத்தேன். கால் நடுங்கியது. ஒவ்வொரு கதவாகப் பிடித்து நின்று நின்று வந்தாள். நாங்கள் ஹாலை எட்டியபோது ஆமென் சொல்லி முடித்திருந்தார்கள்.

"ஒரு பாட்டாவது படிங்கட்டி. நான் இம்புட்டு தூரம் நடந்து வந்தேன் இல்லியா" என்றாள் அம்மா. பாடினார்கள். திரும்பி நடப்பதற்கு அவளுக்கு அந்தப் பாட்டின் இளைப்பாறல் தேவைப்பட்டது.

தினமும் யாராவது வருவார்கள் என்றானதும் வார நாட்களிலும் பினாயில் மணக்க ஆரம்பித்தது. கஞ்சி சூடாக வந்தது. டயப்பரை மட்டும் விடமாட்டேன் என்றார்கள். பகலில் அது வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். என் முகத்தைக் கண்டாலே பணிப்பெண்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். திரும்பட்டும் என்றிருந்தேன்.

மழை கொட்டிய ஒரு காலை, என் முறைக்குப் போனேன். கட்டில் காலி. கம்பி இறக்கியிருந்தது. விழுந்துவிட்டாளா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்களா என்று ஓடினேன். எதிரே வந்த பணிப்பெண் தாடையால் குளியலறையைக் காட்டினாள்.

கதவு பாதி திறந்திருந்தது. "அம்மா, நான் வந்து பிடிக்கட்டா?"

"வேண்டாம்" என்றது உள்ளிருந்து அம்மாவின் குரல். "கதவச் சாத்திற்று அங்கோட்டு நில்லு. நான் வாறேன்."

நான் கதவைச் சாத்தினேன்.