பொம்மையின் முதுகில் கிளிப்

என் தங்கையைப் பற்றிச் சொந்தத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் உடம்பைத்தான் சொல்வார்கள். "சின்னவளா? அந்த உருண்டையா இருப்பாளே, அவதானே?" என்பார்கள். அவள் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பதும், ஒருமுறை அவளிடம் வாங்கியவர்கள் மறுமுறை அவளைக் கேட்டுக்கொண்டு வருவதும் ஒருவர் வாயிலும் வராது. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது கொஞ்சம். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஆனால் மடிப்பு எங்கே கலைந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

தங்கைக்கு இடை சிறியது. மார்பும் இடுப்பும் அகலம். அம்மா வழி உடம்பு அது. நோயும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் தைத்து விற்கும் துணி எதுவும் அப்படி ஒரு பெண் உலகத்தில் இருக்கிறாள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மார்புக்குச் சரியாக இருந்தால் இடையில் ஒரு தலையணையைச் செருகலாம். இடைக்குச் சரியாக இருந்தால் தோளைத் தாண்டி இறங்காது. இதற்காக யாரும் துணியைத் திட்டுவதில்லை. அவளைத்தான் திட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் சீருடைக்கு அளவெடுக்க ஒரு தையல்காரர் வந்தார். பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்க, இவளைச் சுற்றி டேப்பைப் பிடித்துவிட்டு, "டேப்பு பத்தாது போலிருக்கே பாப்பா" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. டேப்பு பத்தத்தான் செய்தது. நான் பக்கத்து வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலுக்குக் கீழே டேப்பின் முனை நிறையவே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிரிப்புக்காக ஒரு சின்னப் பெண்ணின் மேல் பொய் சொன்னார் அந்த மனிதர். இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு எங்கள் சித்தி புத்தி சொல்ல ஆரம்பித்தாள். "கறுப்பே போடுடி, உடம்பு தெரியாது. தொளதொளன்னு போடு, மறைஞ்சிடும்." இவளும் கேட்டாள். வயசுப் பெண், வருஷக்கணக்கில் கறுப்பும் கருநீலமுமாக, கூடாரத்துக்குள் குடியிருப்பவளைப் போல நடந்தாள். கூடாரம் எதையும் மறைக்கவில்லை. இருந்த இடையைத்தான் மறைத்தது. பார்க்கிறவர்களுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகத் தெரிந்தாள்.

துணிக்கடை வேலைக்குப் போன பிறகுதான் மாறினாள். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் பெண்கள் துணி மாற்றுவதைப் பார்க்கிற வேலை அல்லவா? ஒருநாள் மஞ்சளில் ஒரு மேல்சட்டை வாங்கி வந்தாள். கையில் வாங்கினால் துணி வழிந்து விழுந்தது. அவளுடைய அகலத்துக்கு எடுத்திருந்ததால் மற்ற இடமெல்லாம் பெரிது. பக்கத் தையலைப் பிரித்து இடையில் உள்ளே பிடித்தாள். மூடிய கழுத்தைக் கூர்மையாக இறக்கினாள். கீழ்விளிம்பு இடுப்பின் அகலத்திலேயே முடிந்து வெட்டியது போல இருந்ததால், அதைக் கொஞ்சம் மேலே மடித்துத் தைத்தாள். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது சித்தி வாயைப் பிளந்தாள்.

"மெலிஞ்சிட்டியாடி?"

"நான் மெலியல சித்தி. சட்டைதான் மெலிஞ்சிருக்கு."

அன்றோடு கறுப்புகளை எல்லாம் தலையணை உறையாக்கிவிட்டோம்.

கடையிலும் அதைத்தான் சொல்லி விற்றாள். அகலமான இடத்துக்கு அளவு பார்த்து எடுங்கள், மிச்சத்தைத் தையலில் பிடித்துக்கொள்ளலாம் என்பாள். இடை இருந்தால் அதைக் காட்டுங்கள் என்பாள். சின்ன அளவை வாங்கிவிட்டு, அதற்குள் நுழையப் பட்டினி கிடக்கப் போவதாகச் சொல்லும் பெண்களிடம், "துணி உங்களுக்கு வேலை செய்யணுமா, நீங்க துணிக்கு வேலை செய்யணுமா?" என்று கேட்பாள்.

இப்படி இருக்கும்போது புது மேனேஜர் வந்தார். விற்பனைப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி மேல்சட்டை போட வேண்டும் என்றார். வெளிர்சாம்பல் நிறம், அட்டை மாதிரி விறைத்த துணி, 'ஃப்ரீ சைஸ்'. ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்துமாம். யார் அந்த எல்லாரும்? ஒல்லியான பெண்கள் மேல் அது கொடியில் காய்வது போலத் தொங்கியது. என் தங்கைக்குப் பொத்தானே பூட்டவில்லை. பக்கங்களில் பட்டை வைத்துத் தைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

"யூனிஃபார்ம்ல கை வைக்கக் கூடாதும்மா. அதுதான் ரூல். உங்களுக்குச் சேரலைன்னா திங்கட்கிழமையில இருந்து குடோனுக்குப் போயிடுங்க. அங்க யாரு பாக்கப் போறா?"

குடோன் என்பது கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. மூட்டை பிரித்து விலைச்சீட்டு கட்டுகிற வேலை. வேலை மட்டமில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் ஒரு பெண்ணின் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் இவள் காலையில் எழுந்து ஓடுகிறாள். அதை ஒரு சட்டைக்காகப் பிடுங்குவதா?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "வேலையில குறை சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்க்கா."

"இஸ்திரிப் பெட்டியோட நான் வரட்டுமாடி?"

"அவர் சட்டையில சுருக்கமே இருக்காதுக்கா. உனக்கு அங்க வேலையில்ல" என்று சிரித்தாள். சிரித்த கண்ணில் தண்ணீர்.

சனிக்கிழமை பிற்பகல் நான் அந்தக் கடைக்குப் போனேன். போட்டுப் பார்த்துக் கசங்கும் துணிகள் எங்களிடம்தான் இஸ்திரிக்கு வரும். அந்தக் கட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். கண்ணாடி ஜன்னலில் பொம்மைக்குப் போட்டிருந்த பச்சைக் கவுன்தான் வேண்டும் என்றாள். என் தங்கையின் உடம்பேதான் அந்தப் பெண்ணுக்கும். முதலில் கேட்ட அளவு இடுப்பில் நின்றுவிட்டது. தங்கை அடுத்த அளவைக் கொடுத்தாள். அது இறங்கியது, ஆனால் இடையில் சாக்கு போலத் தொங்கியது.

"பொம்மைக்கு எப்படி நிக்குது, உனக்கு எப்படி நிக்குது பாரு" என்று தாய் ஆரம்பித்தாள். "வாயைக் கட்டுடின்னா கேட்டாத்தானே?"

"அம்மா, மெதுவாம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் சொல்றதுதான் உனக்குக் கசக்குது."

மேனேஜர் இதைக் கேட்டு வந்தார். "துணியில குறை இல்ல மேடம். பொம்மையிலயே பாக்குறீங்களே, எவ்வளவு அழகா உக்காந்திருக்கு! பாப்பா கொஞ்சம் உடம்பைக் குறைச்சா சரியாயிடும்" என்றார்.

அந்தப் பெண் கவுனின் மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். டேப்பு பிடித்த தையல்காரர் முன்னால் என் தங்கை அப்படித்தான் நின்றாள்.

தங்கை நேராக ஜன்னலுக்குப் போய், பொம்மையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, முதுகு எங்களுக்குத் தெரியும்படி வைத்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாகத் துணிக் கிளிப். கொடியில் மாட்டுவோமே, அதே கிளிப். மிச்சத் துணியை எல்லாம் பின்னால் இழுத்துச் சுருட்டிக் கடித்துக்கொண்டிருந்தன. தெருவில் போகிறவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தானே தெரியும்?

"பாருங்கம்மா. இந்தப் பொம்மைக்கே இது சேரல" என்றாள்.

ஒவ்வொரு கிளிப்பாக எடுத்தாள். கவுன் பொம்மையின் மேல் தொளதொளவென்று சரிந்தது. அந்த மரக்கட்டைக்கும் சாக்குதான். பிறகு அதே கிளிப்புகளை அந்தப் பெண்ணின் முதுகில், இடை இருக்கிற இடத்தில் மட்டும் மாட்டி, கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

"இப்பப் பாருங்க தங்கச்சி."

அந்தப் பெண் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பியும் பார்த்தாள். தாய் கிட்டே வந்து கிளிப் பிடித்திருந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"கிளிப் இருக்கிற இடத்துல தையல் போட்டா முடிஞ்சது. நாளைக்கே தைச்சு வாங்கிடலாம். உடம்பைக் குறைக்க வேண்டாம், துணியைக் குறைச்சாப் போதும்."

அவர்கள் அந்தக் கவுனோடு இன்னொன்றும் எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனார்கள். அவர்கள் வாசலைத் தாண்டும்வரைதான் மேனேஜர் பொறுத்திருந்தார்.

"என்ன காரியம்மா செஞ்சீங்க? கஸ்டமர் முன்னாடி பொம்மையை அவிழ்த்துக் காட்டுறதா? திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே குடோனுக்குப் போங்க!"

"போறேன் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உயிரில்லாத பொம்மைக்குச் சேரலைன்னா கிளிப் போடுறீங்க. உசுரோட நிக்கிற எனக்குச் சேரலைன்னா ஒரு தையல் போடக் கூடாதா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிக் கட்டை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். பதில் கல்லாவிலிருந்து வந்தது. முதலாளியம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "சனிக்கிழமை வியாபாரத்துல நிக்கிறவளை எதுக்குய்யா குடோனுக்கு அனுப்புற? இன்னொரு சட்டை எடுத்துக் குடு. பட்டை வெச்சுத் தைச்சுக்கட்டும்."

அவ்வளவுதான். நியாயம் கேட்டதற்குக் கிடைத்ததல்ல அது. இரண்டு கவுன் விற்றதற்குக் கிடைத்தது. அன்றைக்கு அந்தத் தாயும் மகளும் வெறுங்கையோடு போயிருந்தால் என் தங்கை குடோனில்தான் இருந்திருப்பாள். உடம்பைப் பற்றிப் பேசியதற்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் படியிறங்கும்போது பொம்மையை மறுபடி ஜன்னலில் நிறுத்தி, முதுகில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒரு சட்டையைப் பிரித்து, பட்டை பட்டையாக வெட்டி, இன்னொன்றின் பக்கங்களில் அக்குளிலிருந்து கீழ்விளிம்புவரை வைத்துத் தைத்தாள். இடையில் மட்டும் பட்டையைக் குறுக்கினாள். இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது முறைதான் எனக்குப் பிடித்தது. தண்ணீர் தெளித்து, தையலை உள்ளிருந்து அழுத்தி, விறைப்பு போகும்வரை நான் இஸ்திரி போட்டேன்.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவளுடைய வழக்கமான இடத்தில், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒட்டுப் போட்டது எங்கே தெரிகிறது என்று மேனேஜர் அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தாராம்.

தெரியாது. அதை இஸ்திரி போட்டது நான்.