எல்லார் பெயரிலும் ஒரே விரல்

எங்கள் தொழிற்சாலையில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வாங்கி வருவது சந்திரமதிதான். யாராவது வேலையில் திணறினால், "விடு, நான் பாத்துக்கிறேன்" என்று ஓடி வருவதும் அவள்தான். மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் ரொட்டி சானாயை, அதாவது பரோட்டாவை, உறைய வைத்து விற்கும் இடம் அது. அவள் சூப்பர்வைசர், நான் பேக்கிங். இப்படிப்பட்டவளின் நல்ல மனசைக் குறை சொல்ல எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த நல்ல மனசுதான் எங்களைச் சந்தியில் நிறுத்தியது.

முன்பெல்லாம் மாவின் எடையையும் குளிர் அறையின் வெப்பநிலையையும் சுவரில் தொங்கும் தாளில் கிறுக்கிவிட்டுப் போவோம். தாளே இனி கூடாது, எல்லாரும் டேப்லட்டில் பதிய வேண்டும் என்று ஜொகூர் பாரு தலைமையகம் சொல்லிவிட்டது. எங்களைப் பழக்கும் பொறுப்பு சந்திராவுக்கு. பயிற்சிக்குப் போனவள் அங்கே கொடுத்த நீல டீசட்டையோடு திரும்பினாள். "தலைவி வந்தாச்சு லா!" என்று கிண்டலடித்தோம். இந்த மாற்றத்துக்கெல்லாம் பொறுப்பாளரான ஸ்ரீதரன் அவளிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்: நீங்கள் செய்யக்கூடாது, அவர்கள் கையால் அவர்களே செய்ய வேண்டும்.

முதல் நாள், மாவு பிசையும் பகுதியின் வெள்ளையம்மா அக்காவிடம் டேப்லட்டைக் கொடுத்தாள். கையுறையோடு தொட்டால் திரை அசையவே இல்லை. கழற்றிவிட்டுத் தொட்டால் விரலெல்லாம் எண்ணெய், எங்கெங்கேயோ போனது. பின்னால் உற்பத்தி லைனே நின்றுவிட்டது.

"இரு சந்திரா. எங்க தப்பாச்சுன்னு பாத்தா நான் புடிச்சுக்குவேன்" என்றார் அக்கா.

"விடுங்கக்கா, மாவு இளகிடும்" என்று சொல்லி அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, மளமளவென்று தானே அடித்து முடித்தாள் சந்திரா.

அன்று தொடங்கியதுதான். எங்கள் எல்லாருடைய ரகசிய எண்ணும் எங்கள் பிறந்தநாள்தான். அவளுக்குத் தெரியாத பிறந்தநாளா? ஒவ்வொருவர் பெயரிலும் நுழைந்து அவளே பதிந்தாள். எங்களுக்கும் கொண்டாட்டம்தான், பொய் சொல்லுவானேன். தலைமையகத்தின் திரையில் எங்கள் கிளை மட்டும் ஒரு பதிவும் விடுபடாமல் பச்சைப் பசேல் என்று இருந்ததாம். பாராட்டு வரவர, அவளுக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

வெள்ளையம்மா அக்காவுக்கு அறுபது நெருங்கியது. அதற்கு மேலும் வேலையில் இருக்க வேண்டுமென்றால் டேப்லட் தெரிந்திருக்க வேண்டும் என்று புது விதி வந்தது. அக்காவின் மகன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். வெறும் வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்ற நினைப்பே அவரைக் கலங்கடித்தது.

"எனக்கு ஒரு நாளாச்சும் சொல்லிக் கொடு சந்திரா."

"உங்க பேர்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்குக்கா. கவலைப்படாதீங்க."

போன வாரம் ஸ்ரீதரன் மற்றக் கிளை ஆட்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். கேன்டீனில் பெரிய திரை. சந்திராவுக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் எங்கள் பக்கம் திரும்பி, "இங்கே ஆகவும் வயதில் மூத்தவர் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. வெள்ளையம்மா, வாங்கோ. ஒரு முறை பதிஞ்சு காட்டுங்கோ" என்றார்.

அக்கா போனார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். பெரிய திரையில் அவர் பெயர் இருந்தது, கையில் கொடுத்த டேப்லட்டில் எதைத் தொடுவதென்று தெரியவில்லை. விருந்தாளிகளில் யாரோ சிரித்தார்கள். அக்கா ஒரே ஒரு தடவை சந்திராவைப் பார்த்தார். அவள் கேடயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். சந்திரா தினமும் சொல்லித்தான் கொடுத்துச்சு. என் மண்டையிலதான் ஏறல."

"பரவாயில்லை அம்மா" என்றார் ஸ்ரீதரன். எல்லாரும் கை தட்டினார்கள். உண்மை தெரிந்திருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

சந்திராவை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். "எனக்காகப் பொய் சொன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்" என்று விம்மினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்க அழுதா ஆச்சா? ஸ்ரீதரன் சார் இன்னும் கிளம்பல. போய்ச் சொல்லு."

போனாள். அந்த ஒன்றுக்காக அவளை மதிக்கிறேன். வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே, "ஒருத்தருக்கும் தெரியாது சார். எல்லாம் நான்தான் அடிச்சேன். அந்தக்கா கேட்டும் நான் சொல்லிக் கொடுக்கல" என்றாள். கேடயத்தை நீட்டினாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். மாத முடிவில் திரும்ப வருவதாகவும், வெள்ளையம்மா தன் கையால் செய்து காட்டினால்தான் வேலை நீட்டிப்பு என்றும் சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

மறுநாள் காலை சந்திரா அக்காவிடம் போய் நின்றாள். "மன்னிச்சிருங்கக்கா."

"அதெல்லாம் அப்புறம்" என்றார் அக்கா. "அன்னிக்கு என் கையில இருந்து புடுங்குனியே, அத இப்பக் கொடு."

கொடுத்தாள். அக்கா விரலைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டார். தப்பாகி மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தது. திரும்பத் தொடங்கினார். திரும்பவும் தப்பு. லைன் நின்றது. பக்கத்தில் நின்ற சந்திராவின் கை தன்னையறியாமல் டேப்லட்டை நோக்கி நீண்டது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "கைய எடு."

சந்திரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாவு இளகிக்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம்.