பதில் வராவிட்டால் சம்மதம்

கிருஷ்ணகுமாரிடம் காபியா டீயா என்று கேட்டால்கூட, "உங்களுக்கு எது சௌகரியமோ" என்பார். கோவில்பட்டியிலிருந்து ஹைதராபாத் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உப்பலில் சொந்த ஃப்ளாட், மாதாப்பூரில் டீம் லீட் வேலை. இதில் எதுவுமே அவர் வாய் திறந்து சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லி வந்ததல்ல. ஃப்ளாட்டைப் பார்த்துப் பிடித்தது மனைவி சுபாஸ்ரீ. பதவி உயர்வு, பக்கத்து நாற்காலிக்காரர் வேலையை விட்டுப் போனதால் வந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் ஒரு பதிலை வாங்குவதற்குள் கேட்டவருக்கு நரைத்துவிடும்.

அவருடைய ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மேலிடத்தில் முடிவு கேட்டு மெயில் எழுதுகிறவர்கள், "இன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள். மேலிடம் படித்ததோ இல்லையோ, தேதி தாண்டினால் வேலை நடக்கும். கிருஷ்ணகுமாருக்கு அந்த வரிமேல் தனிப் பிரியம். வீட்டில்கூட அதைப் பெருமையாகச் சொல்வார். சுபாஸ்ரீ கேட்டுக்கொண்டிருப்பாள்.

2010 செப்டம்பரில் அவளுக்கு அமெரிக்காவில் இரண்டு வருஷ வேலை வந்தது. அவளும் மென்பொருள்காரிதான், வேறு கம்பெனி. போனால் ஏழு வயது மகள் மஹதி இங்கே அப்பாவோடு இருக்கவேண்டும். தோசைக்கல்லைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

யோசிக்க அவருக்கு வாய்த்த இடம் வடகிழக்கு மாநிலங்கள். நண்பர் சாய்கிருஷ்ணாவோடு பதினெட்டு நாள் மோட்டார் சைக்கிளில் சுற்றுவது, கூடாரம் போட்டுத் தங்குவது என்று ஒரு வருஷமாகவே திட்டம் இருந்தது. சாய்கிருஷ்ணா ஹைதராபாதிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார். அக்டோபர் தொடக்கத்தில் இருவரும் வண்டிகளை சிக்கந்திராபாதில் ரயிலேற்றி, குவாஹாத்தியில் இறக்கிக் கிளம்பினார்கள்.

மேகாலயாவின் மழையில் நனைந்தபோது, போகட்டும், அவள் படிப்புக்கு இது கிடைக்கவேண்டியதுதான் என்று தோன்றியது. மறுநாள் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்து ஓரம் கூடாரத்தை மடிக்கும்போது, அவள் இல்லாத வீடு கண்முன் வந்து நின்றது. போகவேண்டாம் என்று முடிவுசெய்தார். தேஜ்பூரில் டீ குடித்ததும் அந்த முடிவும் போயிற்று. ஹெல்மெட்டுக்குள் அவர் மனமே இரண்டு ஆளாகி, ஒருவர் பேச ஒருவர் மறுக்க, மலைப்பாதையில் இரண்டு தடவை குழியில் விட்டார்.

புதன்கிழமை மாலை, அருணாசலத்தில் பொம்டிலா என்ற ஊரில் ஒரு நெட் சென்டர் கிடைத்தது. மெயிலைத் திறந்தார். சுபாஸ்ரீ நாலு வரி எழுதியிருந்தாள். மஹதி நலம். கம்பெனியில் வெள்ளிக்கிழமை சொல்லியாகவேண்டும். உங்கள் முடிவு தெரியவேண்டும். நாலாவது வரி அவருக்கு ரொம்பப் பழக்கமானது: "வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்."

தன் ஆயுதம் தன் பக்கமே திரும்பியதும் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. "அன்புள்ள சுபா" என்று அடித்தார். அதற்குமேல் விரல் நகரவில்லை. நாளை சாயங்காலம் தவாங் போய்விடுவோம், அங்கிருந்து எழுதலாம் என்று எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை சேலா கணவாய்க்குக் கீழே மண் சரிந்து சாலை மூடிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. சாலையோரம் கூடாரம் போட்டார்கள். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஒரு ராணுவ லாரி கீழே திராங் ஊருக்குத் திரும்பியது. சாய்கிருஷ்ணா ஓடிப்போய் டிரைவரிடம் பேசிவிட்டு வந்தார்.

"கேகே, அங்க போன் பூத் இருக்காம். நம்பரும் ஒரு வரியும் எழுதிக் குடு. அவரே போன் பண்ணிச் சொல்லிடுவாரு."

கிருஷ்ணகுமார் தாளும் பேனாவும் எடுத்தார். நம்பரை எழுதினார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"கைக்கு இவ்ளோ யோசிக்கிற? ஹவ்னா ஹவ்னு எழுது. நக்கோன்னா நக்கோன்னு எழுது." அவர் உருதுவில் கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் சரி, நக்கோ என்றால் வேண்டாம்.

"ஒரு நிமிஷம் இரு."

அந்த ஒரு நிமிஷத்தில் லாரி போய்விட்டது. சாய்கிருஷ்ணா அவரைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. பன்னிரண்டு மணிவரை கிருஷ்ணகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். முள் தாண்டியதும் நிம்மதி வரும் என்று நினைத்தார். வரவில்லை. அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை வழி திறந்து, மதியம் தவாங் சேர்ந்ததும் பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"நேத்து பன்னெண்டரை வரைக்கும் பாத்தேன். அப்புறம் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள் சுபாஸ்ரீ.

"வழியில மண்ணு சரிஞ்சுபோச்சு."

"அப்படியா. உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

இத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். மண்ணின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். என்ன தோன்றியதோ, உண்மை வாயில் வந்துவிட்டது.

"கீழ ஒரு லாரி போச்சு சுபா. சீட்டு எழுதிக் குடுத்திருக்கலாம். எழுத வரல."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"போகாதன்னு சொல்லிருந்தா சண்டை போட்டிருப்பேன். போன்னு சொல்லிருந்தா அழுதிருப்பேன். ரெண்டுக்கும் தயாராத்தான் இருந்தேன்" என்றாள். "இந்தாங்க, மஹதிகிட்ட பேசுங்க."

மஹதிக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் பள்ளிக்கூடத்துத் தெலுங்கு கலந்துதான் வரும்.

"டாடி, அம்மா போனா எனக்கு ஜட எவரு வேஸ்தாரு?"

ஜடை யார் பின்னிவிடுவார்கள் என்று கேட்கிறாள்.

"நான்" என்றார் கிருஷ்ணகுமார்.

யோசிக்காமல் சொன்னது. சொன்னபிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

"மீக்கு வச்சா?" உங்களுக்கு வருமா என்று அவளுக்குச் சந்தேகம்.

"வராது. கத்துக்கிடுதேன்."

போனை சுபாஸ்ரீ வாங்கிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், "பாத்து ஓட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

வெளியே வந்து, வண்டியில் கூடாரத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். மூன்று இழையாக மடித்து, சீட்டின்மேல் போட்டுப் பின்ன ஆரம்பித்தார். எந்த இழை எதன்மேல் போகவேண்டும் என்று பிடிபடவில்லை. சாய்கிருஷ்ணாவுக்கும் தெரியவில்லை. பூத்துக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே வந்து, பேசாமல் விரலால் ஒருமுறை காட்டிவிட்டுப் போனாள். நாலாவது தடவை ஒருவழியாக ஜடை மாதிரி ஒன்று வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான், மஹதி பள்ளிக்கூடத்தில் இரட்டை ஜடை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சாய்கிருஷ்ணாவின் வண்டியிலிருந்த கயிற்றையும் அவிழ்த்தார்.