நடுச்சுவரில் இறக்கிய போல்ட்டு

விளக்கேற்றும் நேரத்தில் சாமி அலமாரியின் ஒரு முனை சுவரை விட்டுப் பிரிந்தது. என் மனைவி தோளைக் கொடுத்துத் தாங்கினாள். உள்ளே எங்களைப் பெற்ற அய்யா கும்பிட்ட முருகன் படம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அவன் செயல்.

"மலையில அம்புட்டுத் தட்டு மாட்டுறீங்க. வீட்டுல சாமிக்கு ஒரு பெட்டி நிக்க மாட்டேங்குதே!" என்றாள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. காய் பரப்பும் தட்டுகளுக்குச் சுவரில் சட்டம் மாட்டுவது என் சோலி. அங்கே கருங்கல் சுவர். கல் இடுக்கில் மரக்கட்டையை அடித்து, கட்டையில் ஆணி இறக்கினால் அசையாது. போடியில் என் வீட்டிலும் அப்படியே செய்தேன். வீட்டுச் சுவரோ மண். கட்டையை இறுக்க இறுக்க ஓட்டைதான் பெரிதானது.

மறுநாள் ஸ்டோர் மேஸ்திரியிடம் சொன்னேன்.

"மண்ணுச் செவுத்துக்கு ஆணி ஆவாது அப்பு. இங்கிட்டிருந்து அங்கிட்டு வரைக்கும் போல்ட்டு விடு. அந்தப் பக்கம் அகலத் தகடு வச்சு நட்டை முறுக்கு. சின்ன வட்ட வாசர் போட்டா மண்ணுக்குள்ள புதைஞ்சிரும்" என்றவர், பழைய இரும்பிலிருந்து இரண்டு நீள போல்ட்டும் தகடும் எடுத்துக் கொடுத்தார். "சாமிக்குத்தானே, கொண்டு போ."

அந்தப் பக்கம்தான் சங்கடம். அது அண்ணன் வீடு. பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் அது. கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுவது என்ற வாக்குவாதத்தில் பேச்சு நின்றிருந்தது. அவர் முடியாது என்றால் அய்யா கும்பிட்ட படம் மறுபடி டிரங்குப் பெட்டிக்குள்தான், எலிகளோடு. கேட்கப் போக எனக்குக் கால் எழவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி சுவரைப் படபடவென்று தட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

"எவன்டா செவுத்த இடிக்கிறது?"

"நாந்தாண்ணே."

"என்னடா சோலி?"

"அய்யா கும்பிட்ட படத்துக்கு அலமாரிண்ணே. போல்ட்டு உங்க பக்கம் வரும். தகடு வைக்கணும்."

முருகா என்று நின்றேன்.

"அதுக்கு ஏன்டா செவுத்துகிட்டப் பேசுற? என் வீட்டுக்கு வாசப்படி இல்லையா? தகட்டக் கொண்டா, வெரசா!"

கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கம்பியைத் திருகித் திருகி ஓட்டை போட்டேன். அடித்தால் மண் உதிரும். நான் இந்தப் பக்கம் போல்ட்டின் தலையைப் பிடிக்க, அண்ணன் அந்தப் பக்கம் நட்டை முறுக்கினார்.

"போதும்ணே!"

"இருடா. உன் வேலைய நம்பவா? நேத்து பிச்சுக்கிட்ட சத்தம் இங்க கேட்டுச்சே!"

அடுப்படியில் சிரிப்புச் சத்தம்.

மாட்டியானதும் அண்ணன் வந்து, படத்துக்குத் தானே விபூதி பூசினார். கண் கலங்கியிருந்தது. கூரைத் தண்ணீரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கல்லுக்குக் கட்டை, மண்ணுக்குப் போல்ட்டு. சுவரைத் தட்டிப் பார்த்த பிறகு சாமானைத் தேர்ந்தெடுங்கள். மழை முடிந்து சுவர் காயும்போது நட்டு தளரும்; மறக்காமல் இறுக்குங்கள்.

எங்கள் வீட்டில் அந்த நட்டு அண்ணன் பக்கம் இருக்கிறது. நான் ஒரு வருஷமும் நினைவூட்டியதில்லை. மழை ஓய்ந்ததும் ஒரு நாள் சுவர் தட்டப்படும்.

"டேய், இறுக்கிட்டேன். விளக்கேத்து."