பக்கத்து இருக்கை அக்கா

கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்த புதிதில் எனக்குப் பேச ஆளில்லை. கணவருக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்ட். சனிக்கிழமைகளில் கம்பெனிக்குப் போகும் வழியில் என்னைத் தியேட்டர் வாசலில் இறக்கிவிடுவார்.

பெண்கள் வரிசையில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். சூளகிரிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். காலையில் சந்தையில் தக்காளி விற்றுவிட்டு, மதியக் காட்சி பார்த்துவிட்டு பஸ் ஏறுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உள்ளேயும் என் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். படத்தில் வேகமாகத் தமிழ் பேசினால் புரியாமல் என் தோளைத் தட்டுவார். நான் நிதானமாகச் சொன்னதும், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

ஒருநாள் இடைவேளையில் சமோசா வாசனைக்கு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முதுகைத் தடவிவிட்டு, "எத்தன நாளு ஆச்சும்மா?" என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நான்காம் மாதம் கரு கலைந்துபோனது. படுத்தே கிடந்தேன். கணவர் ஒரு சிடி பிளேயர் வாங்கி வந்தார்.

"இனி நீ க்யூல நின்னு கஷ்டப்பட வேண்டாம். என்ன படம் வேணும்னு மட்டும் சொல்லு, கொண்டாறேன்."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். பிறகு வாரம் மூன்று படங்கள் பார்த்தேன். எல்லாம் தனியாக. சிரிப்புக் காட்சிகளைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிடுவேன். அக்காவிடம் குழந்தை போன செய்தியை எப்படிச் சொல்வது என்ற பயமும் சேர்ந்துகொள்ள, தியேட்டர் பக்கமே போகவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துத் துணிந்து போனேன். டிக்கெட் கொடுக்கும் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த தக்காளிக்காரம்மாவ தேடுறியா? நாலஞ்சு வாரம் உனக்கும் சேத்து டிக்கெட் வாங்கிக்கிட்டு வாசல்லயே நின்னுச்சி. படம் போட்டப்புறமும் உள்ள போகல. 'புள்ளத்தாச்சி, மெதுவாத்தான் வருவா'ன்னு சொல்லும். இப்பல்லாம் வர்றதில்ல."

மறுநாளே சூளகிரிக்கு பஸ் ஏறினேன். அங்கே பூக்கடையில் கேட்டேன்.

"பேரு என்னாங்க? எந்த ஊரு?"

இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. அக்கா என்றுதானே கூப்பிட்டேன். தக்காளி விற்பவர், தெலுங்கு பேசுவார் என்றேன்.

"இங்க பாதிப்பேரு அப்படித்தாங்க" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் "இப்படி ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லவே இல்லியே" என்றார்.

அதன் பின்னும் சில சனிக்கிழமைகள் போய் வரிசையில் நின்றேன். அக்கா வரவில்லை.