கூட இருக்கிற ஆள்

கட்டிலுக்கு அடியில் குனிந்து நோயாளியின் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள் இன்பமணி. எந்த வார்டுக்குப் போனாலும் முதல் வேலை இதுதான். மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைத் தேடி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஜோடியாகக் கட்டிலின் பக்கத்தில் வைப்பாள். இறங்கி நடக்கவே முடியாதவர்களுக்கும் அப்படித்தான். “நடக்காவளோ இல்லியோ, செருப்பு கண்ணுல படட்டுமே” என்பாள். அதன் பிறகுதான் தன் பெயரைச் சொல்வாள்.

“எம்பேரு இன்பமணி. நாந்தான் ஒங்க கூட இருக்கப்போறேன்.”

அவள் தொழிலே அதுதான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிகளில், பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் முதியவர்களுக்குத் துணையாக இருப்பது. யாரோ ஒருவர் அவளுடைய நம்பரை யாருக்கோ கொடுப்பார்; அவள் கிளம்பிவிடுவாள். வார்டு வாசலில் நின்று நர்ஸ், “இந்த பெட் கூட யாரு?” என்று கேட்கும்போது எழுந்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள். ஐம்பத்தைந்தைத் தாண்டிய, குட்டையான பெண். சாயம் போன நீலச் சேலை. ஒயர் கூடையில் ஒரு பிளாஸ்க், ஒரு நகவெட்டி, துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள்.

ஸ்டூலைத் தலைமாட்டில் போடமாட்டாள். நோயாளி கண் திறந்தால் முதலில் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போடுவாள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வீடியோவில் கூப்பிடும் நேரம் நெருங்கினால், வாயோரத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, மூக்குக் குழாயைச் சற்று மறைத்து வைப்பாள். “பிள்ளையோ பயந்திரக் கூடாதுல்லா.”

ஆனால் ஒன்று மட்டும் அவளிடமிருந்து வாங்க முடியாது. அம்பாசமுத்திரத்து வாத்தியார் ஒருவரின் மகள், “அப்பாட்ட எல்லாம் சரியாயிரும்னு சொல்லுங்கக்கா” என்று கெஞ்சியிருக்கிறாள். இன்பமணி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். “அது எனக்கு எப்படித் தெரியும்? நான் இருக்கேம்னு வேணா சொல்லுதேன். அதுல பொய்யில்ல.”

அவள் கணவர் சற்குணம் டவுன் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கொரோனாவின் இரண்டாம் அலையில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் அவரை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு, இவளை வாசலில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய காவலாளியை அவள் இன்றுவரை குறை சொன்னதில்லை. முகக்கவசத்துக்குள் அவனும் அழுதுகொண்டுதான் நின்றான் என்பாள். எதிரே ஒரு வேப்பமரம். அதன் அடியிலேயே கிடந்தாள். ஒரே ஒரு தடவை சற்குணத்திடமிருந்து போன் வந்தது.

“இன்பம், இங்கன கூட யாருமே இல்ல. நீ எங்கன இருக்க?”

“வாசல்லதான் நிக்கேன்.”

“உள்ள வாயேன்.”

அதற்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்பது அவளுக்கு நினைவில்லை. பிறகு அந்தப் போனை யாரும் எடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தள்ளி நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

சமாதானபுரத்தில் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கோயில். ஞாயிறு ஆராதனை முடியும்போது குருவானவர் கையை உயர்த்தி, கடவுள் உங்கள் எல்லோருடனும் இருப்பாராக என்று ஆசி கூறுவார். சபை முழுவதும் ஆமென் சொல்லும். சற்குணம் போன பிறகு இன்பமணியின் வாய் மட்டும் திறக்கவில்லை. கோபத்தினால் அல்ல. தெரியாத ஒன்றுக்கு எப்படி ஆமென் சொல்வது?

ஒருநாள் எல்லோரும் போன பிறகு குருவானவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். “ஐயா, நான் வாசல்ல நின்னேன். ஆண்டவராவது உள்ள இருந்தாரா?”

அந்த மாதங்களில் பலரை அடக்கம் செய்தவர் அவர். “இருந்தாருன்னு நம்புதேம்மா. ஆனா என்னால காட்ட முடியாது” என்றார். பிறகு வேதத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்தார். ஒரு நாள் கடவுள் மனிதர்களின் நடுவிலேயே வந்து குடியிருப்பார், அவர்களுடைய கண்ணீரைத் தாமே துடைப்பார் என்று வருகிற இடத்தை வாசித்தார். இன்பமணி அந்த வரியில் விரலை வைத்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ஆறுதல் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தது.

வார்டுகளில் துணைக்கு ஆள் இருக்கலாம் என்று மறுபடி விட்டபோது, பக்கத்து வீட்டுக்காரரின் அக்காவுக்காகப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. இப்போது ஆமென் சொல்கிறாள். சில ஞாயிறு சத்தமாக, சில ஞாயிறு உதட்டளவில்.

போன ஐப்பசியில் மேலப்பாளையம் ஆபிதா பீவிக்குத் துணையாகப் போனாள். மகன் ஹபீப் முகம்மது அரபு நாட்டில், தம்மாமில் வேலையாக இருந்தான். மருமகள் அஸ்ஃபியாவுக்குக் கைக்குழந்தை. காலையில் கஞ்சி கொண்டுவந்தால் மதியத்துக்குள் வீடு திரும்பியாக வேண்டும். வெளியே நல்ல மழை. பாபநாசம் அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்களா என்பதுதான் வார்டு முழுக்கப் பேச்சு. ஆபிதா பீவி மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“ஆள் வச்சிட்டானாக்கும்” என்றார் சுவரிடம். “பெத்த உம்மாவுக்கு ஆள்.”

இன்பமணி தண்ணீர் ஊற்றி நீட்டினாள். ஆபிதா பீவி அதைத் தொடவில்லை. தலைவாரவும் விடவில்லை. மறுநாள் அஸ்ஃபியாவிடம் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, தொழுகை நேரத்தில் கட்டிலைப் பைய நகர்த்தி மேற்குப் பார்க்க வைத்தாள். முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டாள். அன்று சாயங்காலம் ஆபிதா பீவி தானாகவே தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “ஒனக்கு மாப்பிள்ள இல்லியா?” என்றார்.

“கொரோனால போயிட்டாவ.”

“நீ கூட இருந்தியா?”

“விடல.”

ஆபிதா பீவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பம் அவருகூட யாருதான் இருந்தா?”

“ஆண்டவரு இருந்தாருன்னு நம்புதேன். சில நாளு நம்ப முடியுது, சில நாளு முடியல.” பிறகு கேட்காமலே சொன்னாள். “எங்க வேதத்துல ஒண்ணு இருக்கும்மா. கடைசில அவரே வந்து மனுசங்க கூட குடியிருப்பாராம். கண்ணத் தொடைக்கதுக்கு ஆள் வைக்க மாட்டாராம். அவரேதான் தொடைப்பாராம்.”

ஆபிதா பீவி சிரித்துவிட்டார். அவர் சிரித்து இன்பமணி பார்த்தது அதுதான் முதல் தடவை. “அதுவரைக்கும் நீ இருக்கியாக்கும்.”

“அதுவரைக்கும் நான் இருக்கேன்.”

அதன் பிறகு தலைவார விட்டார். நகம் வெட்டக் கையை நீட்டினார். மகன் சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மாதக் கடைசியில் மூச்சு தடுமாறத் தொடங்கியது. ஹபீபுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, கிளம்பியும்விட்டான். அவன் வந்து இறங்குமுன், ஒரு முற்பகலில் எல்லாம் முடிந்தது. அஸ்ஃபியா மாமியாரின் காதோரம் குனிந்து கலிமா ஓதினாள். இன்பமணி கால்மாட்டில் நின்று, சில்லிட்டு வந்த இரண்டு பாதங்களையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, உதடு அசையாமல் தன் ஜெபத்தைச் செய்தாள்.

நோயாளி இறந்துவிட்டால் துணைக்கு வந்தவளின் வேலை அத்தோடு சரி. கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அன்றும் கூடையோடுதான் கீழே இறங்கி வந்தாள். வேனின் பின்பக்கத்தில் உடலை ஏற்றியிருந்தார்கள். அதன் அருகே உட்காரும் தெம்பு அஸ்ஃபியாவிடம் இல்லை. டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்த டிரைவர் வந்தபோது இன்பமணி உள்ளே ஏறிக்கொண்டிருந்தாள்.

“நீங்க எதுக்கும்மா? அதான் முடிஞ்சிட்டுல்லா” என்றார் அவர்.

“தனியா இருக்காவ” என்றாள் இன்பமணி.

குலவணிகர்புரத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வேனின் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் ஹாரன் அடித்தன. இன்பமணி போர்வையின் மேலாகத் தடவிப் பார்த்து, கை இருக்கும் இடத்தைக் கண்டு, அதன்மேல் தன் கையை வைத்தாள். முகத்தருகே குனிந்தாள்.

“கேட்டு போட்டிருக்கும்மா” என்றாள். “இப்பம் தொறந்திருவாவ.”