தீட்டோடு கூப்பிட்டேன்

சபையாருக்கு என் வணக்கம். எனக்கு நீட்டிப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

இப்போது முடிந்த பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தின ஐப்பசி. தேவதானத்தில் எங்கள் வீட்டில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். காலையிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை இப்படித்தான் மண்ணுக்குக் கொடுத்திருந்தேன். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகள், மோட்சம் சேராது என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் போதகரை அழைத்துவர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தார். அடைமழை. ஓடையெல்லாம் பெருகி, ராஜபாளையத்துக்கு அப்பால் பஸ் ஓடவில்லை என்று சேதி வந்தது. நான் உடைந்துபோனேன்.

துணைக்கு இருந்தது என் நாத்தனார் எஸ்தர் மட்டும். ஆபத்து வேளையில் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று, எப்போதாவது வேதபாடம் சொல்ல வரும் உபதேசியார் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"ஏட்டி, நீ தண்ணி ஊத்து" என்றேன்.

"எனக்குப் பயமாருக்கு மைனி. நீங்களே ஊத்துங்க."

"நான் தீட்டுக்காரில்லா. வேதப்புத்தகத்தையே தொடாம கெடக்கேன்."

சிரிக்காதீர்கள். அன்று நாங்கள் அப்படித்தான் இருந்தோம். கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு என்று ஞாயிறுதோறும் வாயாரச் சொல்வோம். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வேதத்தைத் தொடமாட்டாள். இரண்டும் எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

பிள்ளைக்கு மூச்சு முட்டியது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. செம்புத் தண்ணீரை எடுத்து, ரூத் என்று பெயர் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அவள் தலையில் ஊற்றினேன். "ஆண்டவரே, தீட்டுக் கையோடதான் கேக்கேன். உமக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. பிள்ளைய எனக்கு விட்டுரும்" என்று அழுதேன்.

சற்று நேரத்தில் பிள்ளை வீறிட்டது. சாயங்காலம் என் மார்பைப் பற்றிக் குடித்தது.

நான்கு நாள் கழித்து என் வீட்டுக்காரரோடு போதகர் வந்தார். தீட்டோடு கொடுத்தது செல்லுமோ என்று எனக்குப் பயம். எல்லாவற்றையும் சொல்லி, "ஐயா, நீங்க ஒருதரம் சரியாக் குடுத்துருங்க" என்றேன்.

எந்த நாமத்தில் ஊற்றினேன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"திரும்பக் குடுக்க மாட்டேம்மா. நீயும் குடுக்கல. நான் வந்திருந்தாலும் நான் குடுத்ததா ஆகாது. குடுத்தவர் அவர்" என்று சொல்லி, ரூத்தின் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதினார்.

எனக்குத் தைரியம் வந்தது. முந்தின இரண்டையும் பற்றிக் கேட்டேன். அவர் பதிவேட்டை மூடிவைத்தார். "தண்ணி பட்டாத்தான் அவருக்குப் பிள்ளைகளத் தெரியுமாம்மா?" என்றார். அன்றுதான் அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் நான் பயமில்லாமல் அழுதேன்.

ரூத்துக்கு இப்போது எட்டு வயது. நேற்றுக்கூடக் கஞ்சியைச் சிந்தி என்னிடம் ஏச்சு வாங்கினாள். அன்றுமுதல் எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், முதல் நாளே வேதத்தைக் கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுத்துவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று உங்களில் யாராவது தள்ளிப்போட்டால், தள்ளிப்போடாதீர்கள். இருக்கிறபடியே கூப்பிடுங்கள். நான் வேறெப்படியும் கூப்பிடவில்லை.